படிவத்தில் இரண்டாவது பெயர்

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் அங்கன்வாடி ஊழியர் சங்கத்தின் வட்டாரத் தலைவர் கதீஜம்மாள் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் வார்டு உறுப்பினர் அவர்களே, தறிகளை நிறுத்திவிட்டு வந்திருக்கும் விசைத்தறித் தொழிலாளத் தோழர்களே, தெருவின் பெரியோர்களே, தாய்மார்களே, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் கோமதிநாதன் அவர்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

என் பெயர் நமச்சிவாயம். சொந்த ஊர் வாசுதேவநல்லூர். இருபத்தாறு வருடமாகச் சென்னையில் ஒரு மருத்துவக் கருவி ஆய்வுக்கூடத்தில் பொறியாளராக இருக்கிறேன். நான் மேடைப் பேச்சாளன் இல்லை. எழுதித்தான் கொண்டுவந்தேன். பஸ்ஸில் எழுதியது. இப்போது பார்த்தால் முதல் பக்கம் முழுக்கப் புகழுரையாக இருக்கிறது. அதை மடித்துப் பையில் வைத்துவிட்டேன்.

புதன்கிழமை பிற்பகல் டீச்சர் இறந்தார். இன்று சனிக்கிழமை. இந்த மூன்று நாளில் எனக்கு அழுகை வரவில்லை. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், யாராவது கேட்டால் பதில் சொல்கிறேன். கல் மாதிரி இருக்கிறேன் என்று சொன்னால் அதுவும் அலங்காரமாகப் போய்விடும். ஒன்றும் தோன்றவில்லை, அவ்வளவுதான். ஆகவே நடந்ததை நடந்த வரிசையில் சொல்லிவிடுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

சுபலட்சுமி டீச்சரை உங்களுக்கு இருபத்திரண்டு வருடமாகத் தெரியும். உங்கள் பிள்ளைகளுக்கு அனா ஆவன்னா சொல்லிக்கொடுத்தவர், சத்துமாவு உருண்டை பிடித்துக் கொடுத்தவர், வீடு வீடாக வந்து எடை பார்த்துக் குறித்துக்கொண்டு போனவர். எனக்கு அவரை நான்கு வருடமாகத்தான் தெரியும். அந்த நான்கு வருடமும் அவர் என்ன வேலை செய்தார் என்பது இந்தத் தெருவில் பலருக்குத் தெரியாது. அதைச் சொல்லவே வந்தேன்.

டீச்சரின் கணவர் கோமதிநாதன் விசைத்தறி மெக்கானிக். எந்தத் தறி நின்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள் என்று சொன்னார்கள். அவருடைய இதயம் பலவீனப்பட்டு, ரத்தத்தைத் தள்ள முடியாத நிலைக்கு வந்தது. அதோடு ஒரு சிறிய பக்கவாதமும் வந்து, வலது கை விரல்களில் பிடிமானம் போய்விட்டது. மாற்று இதயத்துக்குக் காத்திருக்க நேரமில்லை. மருத்துவர்கள் அவருடைய மார்புக்குள் ஒரு சிறிய பம்ப்பை வைத்தார்கள். இதயத்துக்குத் துணையாக அது ரத்தத்தைத் தள்ளும். அதற்கு மின்சாரம் வேண்டும், அதை நடத்த ஒரு கண்ட்ரோலர் வேண்டும். பம்ப்பிலிருந்து ஒரு ஒயர் வயிற்றுத் தோல் வழியாக வெளியே வந்து அந்தக் கண்ட்ரோலரில் சேரும். அந்தக் கண்ட்ரோலரைச் செய்வது எங்கள் வேலை.

அப்போது எங்களிடம் இருந்தது ஒரு தள்ளுவண்டி. மேல்தட்டில் திரை, கீழ்த்தட்டில் பேட்டரிகள், சுவர் பிளக்கிலிருந்து நான்கு மீட்டர் ஒயர். அந்த நான்கு மீட்டருக்குள் கோமதிநாதன் சென்னை மருத்துவமனையில் ஏழு மாதம் வாழ்ந்தார். கழிப்பறை வரை எட்டும். ஜன்னல் வரை எட்டாது. ஊரில் அங்கன்வாடியை யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு, மாதத்தில் இரண்டு முறை டீச்சர் சென்னைக்கு வருவார்.

ஒரு நாள் நான் வண்டியில் அளவுகளைக் குறித்துக்கொண்டிருந்தேன். டீச்சர் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"சார், இந்தப் பெட்டிய எத்தன நாளைக்கு இவுக சுத்திக்கிட்டு இருக்கணும்?"

"இதையே இடுப்பில் கட்டிக்கொள்கிற மாதிரி ஒன்று செய்துகொண்டிருக்கிறோம் டீச்சர்."

"எப்பம் முடியும்?"

"சோதனை நடந்துகொண்டிருக்கிறது."

"அப்பம் இவுகள வச்சே சோதன பண்ணுங்க. நாங்க ஊருக்குப் போறோம்."

அப்படித்தான் எங்கள் முதல் இடுப்புக் கண்ட்ரோலர் சங்கரன்கோவிலுக்கு வந்தது. அறுநூறு கிராம் எடை. இரண்டு பக்கமும் இரண்டு பேட்டரி. நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை, ஒன்றன்பின் ஒன்றாக, இரண்டையும் மாற்ற வேண்டும். ஒன்றைக் கழற்றும்போது மற்றது ஓடிக்கொண்டிருக்க வேண்டும். இரண்டும் ஒன்றாகக் கழன்றால் பம்ப் நிற்கும். பம்ப் நின்றால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

டீச்சர் வேலைக்குப் போகாமல் இருக்க முடியாது. கணவரைத் தனியே விடவும் முடியாது. என்ன செய்தார்? அவரையும் அங்கன்வாடிக்குக் கூட்டிக்கொண்டு போனார்! காலை ஒன்பதரைக்கு இருவரும் போவார்கள். கோமதிநாதன் மூலையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். மேற்பார்வைக்கு வந்தவர் ஆட்சேபித்தபோது, இதோ இருக்கிறாரே, கதீஜம்மாள், அவர் எழுந்து கேட்டாராம்: "ஒரு மனுசன் ஒரு நாக்காலில இருக்கதுல ஒங்களுக்கு என்ன நட்டம்?" அதன் பிறகு யாரும் கேட்கவில்லை. பிள்ளைகள் அவரைக் கதை சொல்லச் சொல்லிக் கேட்பார்களாம். அவருக்குத் தறிக் கதைதான் தெரியும். அதையே சொல்வாராம்.

சபையோரே, எங்கள் கருவியின் குறைகளை எங்கள் ஆய்வுக்கூடத்தில் நாங்கள் கண்டுபிடித்ததைவிட, இந்த ஊரில் டீச்சர் கண்டுபிடித்தது அதிகம். எதைச் சொல்வேன்? அபாய ஒலி ஆட்டோ பின்னோக்கி வரும்போது அடிக்கிற ஒலி மாதிரியே இருக்கிறது, தெருவில் நடக்கும்போது எது எது என்று தெரியவில்லை என்றார். மாற்றினோம். சித்திரை வெயிலில் பெட்டி இடுப்பைச் சுடுகிறது என்றார். மாற்றினோம். தறிக்கூடத்துப் பஞ்சுத் தூசி காற்றுத் துளையை அடைக்கிறது என்றார். துளையே இல்லாமல் செய்தோம். ஒவ்வொன்றையும் அங்கன்வாடிக் குறிப்பேடு மாதிரி தேதி போட்டு, நேரம் போட்டு, எழுதி அனுப்புவார். எங்கள் இளம் பொறியாளர்கள் அந்தக் கடிதங்களுக்குக் காத்திருப்பார்கள்.

ஆனால் ஒரு முறை அவர் சொன்னதை நான் நம்பவில்லை. அதைச் சொல்லாமல் இந்த மேடையை விட்டு இறங்கினால் அது மரியாதையாகாது.

இரண்டு வருடத்துக்கு முன்னால், திருவேங்கடத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு இருவரும் டவுன் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். நல்ல கூட்டம். மூன்று பேர் சீட்டில் ஜன்னல் ஓரம் கோமதிநாதன், நடுவில் டீச்சர். பேட்டரி மாற்றும் நேரம் வந்தது. டீச்சர் வலது பக்கத்துப் பேட்டரியைக் கழற்றினார். உடனே பம்ப் நின்றுவிட்டது. கோமதிநாதன் தலை சாய்ந்துவிட்டது. பஸ்ஸில் கூச்சல். டீச்சர் கூச்சல் போடவில்லை. பையிலிருந்த மாற்றுக் கண்ட்ரோலரை எடுத்து, ஒயரைக் கழற்றி அதில் மாட்டி, புதுப் பேட்டரிகளைப் பொருத்தி, பம்ப்பை ஓட வைத்தார். ஐம்பத்திரண்டு விநாடி. கருவியின் நினைவகத்தில் அந்தக் கணக்கு இருக்கிறது. ஐம்பத்திரண்டாவது விநாடியில் கோமதிநாதன் கண் திறந்து, "எந்த ஊரு வந்திருக்கு?" என்று கேட்டாராம்.

அந்த நினைவகத்தில் இன்னொன்றும் இருந்தது. இரண்டு பேட்டரியும் ஒரே நேரத்தில் இணைப்பில் இல்லை. நான் என்ன எழுதினேன் தெரியுமா? பராமரிப்பவர் இரண்டு பேட்டரிகளையும் ஒருசேரக் கழற்றியதால் நேர்ந்தது, பராமரிப்பவரின் கவனக்குறைவு என்று எழுதினேன். என் கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த மாதம் இருவரும் பரிசோதனைக்குச் சென்னை வந்தபோது ஆய்வுக் கூட்டத்தில் அந்த அறிக்கை ஆங்கிலத்தில் வாசிக்கப்பட்டது. டீச்சர் கடைசி வரிசையில் இருந்தார். முடிந்ததும் கை தூக்கினார்.

"சார், கேர்கிவர் நெக்ளிஜென்ஸ்னு வாசிச்சீங்களே, அது என்னையவா?"

நான்தான் சொன்னேன், "டீச்சர், பதற்றத்தில் யாருக்கும் வரும். குற்றமாகச் சொல்லவில்லை."

"நான் பதறல சார். ஒண்ணத்தான் கழட்டுனேன். ரெண்டாவத தொடவே இல்ல."

"பதிவு அப்படிச் சொல்லவில்லையே."

அவர் எழுந்து வந்தார். மேசை மேலிருந்த கண்ட்ரோலர் பெல்ட்டை எடுத்து என்னிடம் நீட்டினார். "கெட்டுங்க சார்" என்றார். கட்டினேன். ஒரு நாற்காலியைச் சுவரை ஒட்டிப் போடச் சொன்னார். என்னை உட்காரச் சொன்னார். பக்கத்தில் இன்னொரு நாற்காலியைப் போட்டுத் தான் உட்கார்ந்தார். "இன்னொரு ஆளு வாங்க, மூணு பேரு சீட்டு" என்றார். ஒரு மருத்துவர் வந்து உட்கார்ந்தார். "நல்லா நெருங்குங்க. கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டுட்டு வாரோம்லா" என்றார். சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. மூன்று பேரும் நெருங்கியபோது என் இடது பக்கத்துப் பேட்டரி சுவரில் அழுந்தியது. டிக் என்று ஒரு சத்தம். அதன் பூட்டு தானாக விடுபட்டிருந்தது. பேட்டரி இருந்த இடத்தில்தான் இருந்தது. இணைப்பு மட்டும் இல்லை. அந்த நிலையில் வலது பக்கத்தைக் கழற்றினால்?

டீச்சர், "இதத்தான் சொல்லுதேன்" என்றார். அவ்வளவுதான். போய்த் தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டார்.

அன்று இந்தப் பெல்ட்டை இன்னும் ஐந்து நோயாளிகள் கட்டியிருந்தார்கள். ஐந்து பேரையும் உடனே அழைத்துப் பூட்டுக்கு மேல் உறை போட்டோம். ஐந்து பேரும் இன்று உயிரோடு இருக்கிறார்கள். அதற்கு யார் காரணம்? சங்கரன்கோவில் அங்கன்வாடி டீச்சர்! நான் அறிக்கையைத் திருத்தினேன். பூட்டின் வடிவமைப்புக் குறை என்று எழுதினேன். டீச்சரிடம் என்ன சொன்னேன்? "நல்ல கண்டுபிடிப்பு டீச்சர்" என்றேன். மன்னிப்பு என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. இப்போது உங்கள் முன்னால் சொல்கிறேன். டீச்சர், அந்த அறிக்கைக்காக என்னை மன்னியுங்கள். இது அவர் காதில் விழாது என்று எனக்குத் தெரியும்.

பிறகு நான்கு மாதம் உழைத்துப் புதிய பூட்டு செய்தோம். அழுத்தினால் திறக்காது. ஒரு கையால் பிடித்து, மறு கையால் திருக வேண்டும். எங்களுக்குப் பெருமை. பூட்டை ஆயிரம் முறை திறந்து மூடிப் பார்த்தோம். முதல் கருவியை டீச்சர் கையில் கொடுத்தேன். அவர் திருகிப் பார்த்தார். பிறகு கோமதிநாதனின் வலது கையைப் பார்த்தார்.

"சார், பழச இவுக எடது கையாலயே அமுக்கி எடுத்துருவாக. இதுக்கு ரெண்டு கையும் வேணும்லா. இனி இவுகளால தனியா மாத்த முடியாதே."

நான் சொன்னேன், "அதுதான் நீங்கள் இருக்கிறீர்களே டீச்சர்."

பெரியோர்களே, தாய்மார்களே, இந்த வாக்கியத்தை நான் மூன்று நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். எவ்வளவு சுலபமாக வந்தது! பாராட்டு என்று நினைத்துத்தான் சொன்னேன். அவரும் தலையாட்டிவிட்டு வாங்கிக்கொண்டார்.

எங்கள் விதிப்படி ஒவ்வொரு வீட்டிலும் பயிற்சி பெற்ற இரண்டு பேர் இருக்க வேண்டும். படிவத்தில் இரண்டு பெயர் எழுத வேண்டும். முதல் பெயர் சுபலட்சுமி. இரண்டாவது பெயர் பக்கத்து வீட்டு சித்தீக். அவரும் சென்னைக்கு வந்து இரண்டு நாள் பயிற்சி எடுத்தவர். நல்ல பிள்ளை. இந்த வருடம் தை மாதம் அவருக்குத் துபாயில் வேலை கிடைத்தது. போய்விட்டார். போனது தப்பா? இல்லை. இந்தத் தெருவில் யார் வீட்டிலிருந்துதான் போகவில்லை?

சித்தீக் போன மறுவாரமே டீச்சர் எங்கள் அலுவலகத்துக்குத் தொலைபேசி செய்தார். சித்தீக்கின் மனைவி ஷமீரா கற்றுக்கொள்ளத் தயாராக இருக்கிறார், அவர் பெயரைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றார். புதிய படிவம் அனுப்புகிறோம், அதன் பிறகு சென்னையில் இரண்டு நாள் பயிற்சி என்று பதில் சொன்னார்கள். படிவம் வரவில்லை. மறுபடி கேட்டார். அந்தக் கேள்வி மின்னஞ்சலாக என்னிடம் வந்தது. நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன். 'அடுத்த காலாண்டுக் கூட்டத்தில் முடிவு செய்யலாம்' என்று ஒரு வரி எழுதினேன். அந்தக் காலாண்டு வந்தது, போனது. எட்டு மாதம்.

ஷமீராவுக்கு டீச்சரே சொல்லிக்கொடுத்திருக்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். நானும் நேற்று ஷமீராவிடம் அதைத்தான் கேட்டேன். ஷமீரா சொன்னார்:

"நானும் கேட்டேன் சார். எங்கிட்ட காட்டுங்கக்கான்னு ரெண்டு மூணு தடவ கேட்டேன். 'பயிற்சி இல்லாத ஆளு தொடக் கூடாதுன்னு எழுதிருக்கு, நான் கையெழுத்துப் போட்டுருக்கேன், மீறுனா இவுகள சோதனைல இருந்து நீக்கிருவாவ'ன்னு சொல்லிட்டாவ."

அந்த விதியை எழுதியவன் நான்.

போன வியாழக்கிழமைக்கு முந்தைய வியாழன் டீச்சருக்குக் காய்ச்சல் வந்தது. வெள்ளிக்கிழமை ரத்தப் பரிசோதனையில் டெங்கு என்று தெரிந்தது. இங்குள்ள மருத்துவர் உடனே அட்மிட் ஆகச் சொன்னார். சரியாகத்தான் சொன்னார். டீச்சர் வீட்டுக்கு வந்து எங்கள் உதவி எண்ணுக்கு அழைத்தார். அந்த உரையாடல் பதிவாகியிருக்கிறது. வியாழக்கிழமை, அடக்கம் முடிந்து வந்தபின், அதை நான் கேட்டேன். மூன்று நிமிடம் இருபது விநாடி.

எங்கள் ஊழியர் கேட்கிறார், "நோயாளிக்கு என்ன பிரச்சினை அம்மா?"

டீச்சர் சொல்கிறார், "நோயாளிக்கு ஒண்ணும் இல்ல. எனக்குத்தான் காச்சல். ஆஸ்பத்திரில சேரணும்னு சொல்லுதாங்க. ரெண்டு மூணு நாளைக்கு பேட்டரி மாத்த யாராவது வருவாங்களா?"

"கருவியில் கோளாறு இருக்கிறதா?"

"இல்லப்பா. மிஷினு நல்லா இருக்கு."

"இந்த எண் கருவிக் கோளாறுக்கு மட்டும்தான் அம்மா. நீங்கள் திங்கட்கிழமை அலுவலகத்துக்கு அழையுங்கள்."

"திங்கக்கிழமையா? சரிப்பா."

அந்த ஊழியரைக் கோபிக்காதீர்கள். அவருக்கு நாங்கள் கொடுத்த தாளில் அப்படித்தான் இருந்தது. அவர் தாளைப் பார்த்து வாசித்தார். டீச்சர் அதைக் கேட்டு, திங்கட்கிழமை வரை காத்திருந்தார். சனிக்கிழமை ஆறு முறை பேட்டரி மாற்றினார். ஞாயிற்றுக்கிழமையும் ஆறு முறை. நூற்று மூன்று டிகிரிக் காய்ச்சலோடு. ஒவ்வொன்றும் கருவியில் நேரத்தோடு பதிவாகியிருக்கிறது. ஒரு முறைகூடத் தாமதமில்லை.

திங்கட்கிழமை காலையில் வாந்தி எடுத்து மயங்கி விழுந்தார். ஷமீராவும் கதீஜம்மாளும் ஆட்டோவில் கொண்டுபோனார்கள். அங்கிருந்து ஆம்புலன்ஸில் திருநெல்வேலிக்கு அனுப்பினார்கள். கதீஜம்மாள் கூடவே போனார். ஷமீரா கோமதிநாதனுக்காகத் திரும்பி வந்தார். மதியம் பன்னிரண்டு மணி ஆயிற்று. பேட்டரி மாற்ற வேண்டும். கருவி ஒலி எழுப்பத் தொடங்கிவிட்டது. அப்போது ஷமீராவின் போன் அடித்தது. படுக்கையிலிருந்து டீச்சர்.

ஷமீரா போனை ஸ்பீக்கரில் போட்டு, கட்டில் மேல் வைத்தாராம். கோமதிநாதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இருவரும் எனக்குச் சொன்னதைச் சொல்கிறேன்.

"ஷமீரா, பயப்படாத. மொதல்ல கைய நல்லா தொடச்சிக்கோ. ஈரம் இருக்கப்பிடாது."

"தொடச்சிட்டேன்க்கா."

"புது பேட்டரி ரெண்டயும் எடுத்து மடில வச்சுக்கோ. பச்ச லைட் நாலும் எரியுதா?"

"எரியுது."

"இப்பம் வலது பக்கம். வலது பக்கம்தான், எடதத் தொடாத. எடது கையால பெட்டியப் பிடி, வலது கையால திருகு. சத்தம் கேக்கும், கேக்கட்டும்."

"திருகிட்டேன். யா அல்லா, ரொம்பக் கத்துதுக்கா!"

"கத்தும். கத்துனா உசுரோட இருக்குன்னு அர்த்தம். புதுசப் போட்டுத் திருகு. லைட் வந்துட்டா?"

"வந்துட்டு. வந்துட்டுக்கா."

"ஏங்க, ஒங்களுக்கு ஒண்ணும் செய்யலையே?"

"ஒண்ணும் இல்ல. நீ பேசாம படு" என்று கோமதிநாதன் சொன்னாராம்.

"சரி. இப்பம் எடது பக்கம்."

பதினோரு நிமிடம். சென்னைக்கு வர வேண்டும், இரண்டு நாள் பயிற்சி வேண்டும், படிவம் வேண்டும் என்று நாங்கள் சொன்ன வேலையை, கையில் சலைன் ஏறிக்கொண்டிருந்த ஒருவர், தொலைபேசியில், பதினோரு நிமிடத்தில் சொல்லிக்கொடுத்தார்! நான் எத்தனை வகுப்பு எடுத்திருக்கிறேன். இப்படி ஒன்று என்னால் முடியாது.

நான் செய்தி கேட்டுப் புறப்பட்டு, செவ்வாய்க்கிழமை காலை மருத்துவமனைக்குப் போனேன். டீச்சருக்கு நினைவு இருந்தது. முகம் வீங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். வேண்டாம் என்றேன். அவர் சொன்னது இதுதான்.

"சார், ஷமீராவ ஒண்ணும் சொல்லாதீங்க. நாந்தான் சொல்லிக் குடுத்தேன். அவ மேல தப்பு இல்ல. பாரம் இன்னும் வரல, அதான்."

படிவம் வேண்டாம் டீச்சர், ஷமீரா பெயரை நானே சேர்த்துவிட்டேன் என்றேன். பொய். அதன் பிறகுதான் வராந்தாவில் நின்று போனில் சேர்த்தேன். அதற்கு நான்கு நிமிடம் ஆயிற்று. இரண்டாவது பெயர் என்ற கட்டத்தில் ஷமீரா என்று டைப் செய்து, ஒரு பொத்தானை அழுத்தினேன். முடிந்தது.

அன்று மாலை ரத்தக் கசிவு தொடங்கியது. மருத்துவர்கள் தங்களால் ஆனதைச் செய்தார்கள். வெள்ளிக்கிழமையே வந்திருந்தால் என்று ஒரு மருத்துவர் சொல்ல ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். புதன்கிழமை பிற்பகல் இரண்டேகாலுக்கு டீச்சர் போய்விட்டார். ஐம்பத்தோரு வயது.

மரணம் கருவியால் வரவில்லை. கருவி ஒரு விநாடிகூட நிற்கவில்லை. எங்கள் பதிவேட்டில் இந்த வாரம் எந்தச் சம்பவமும் இல்லை. நேற்றுப் பார்த்தேன். 'இயல்பு' என்று இருக்கிறது.

சபையோரே, நான் யோசித்துப் பார்க்கிறேன். மருத்துவமனையில் அந்தத் தள்ளுவண்டியைப் பார்த்துக்கொள்ள மூன்று ஷிப்ட்டில் ஒன்பது பேர் இருந்தார்கள். நாங்கள் அதைச் சிறிதாக்கினோம். இடுப்பில் கட்டும்படி ஆக்கினோம். வீட்டுக்கு அனுப்பினோம். பத்திரிகைகளில் படம் வந்தது. அந்த ஒன்பது பேருடைய வேலை எங்கே போனது? அது சிறிதாகவில்லையே! அது முழுதாக ஒரு பெண்ணின் தலையில் இறங்கியது. சம்பளம் இல்லை, விடுப்பு இல்லை, காய்ச்சல் வந்தால் படுக்க உரிமை இல்லை. அவர் அதை அவ்வளவு நன்றாகச் செய்தார். அதனாலேயே எங்களுக்கு அது கண்ணில் படவில்லை.

வியாழக்கிழமை இரவு நான் எங்கள் பட்டியலை எடுத்தேன். இன்று இந்தக் கருவியோடு பதினான்கு பேர் தங்கள் வீடுகளில் இருக்கிறார்கள். பதினான்கு படிவத்திலும் இரண்டு பெயர் இருக்கிறது. வெள்ளிக்கிழமை காலையிலிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் நானே போன் செய்து ஒரே கேள்வி கேட்டேன். இரண்டாவது பெயரில் இருப்பவர் இப்போது உங்கள் ஊரில் இருக்கிறாரா? பதினோரு வீட்டில் இல்லை. ஒருவர் திருப்பூரில். ஒருவர் கல்யாணமாகிப் போய்விட்டார். ஒருவர் இறந்தே ஒரு வருடமாகிவிட்டது. அந்தப் பதினோரு வீட்டிலும் ஒரே ஒருவர். மனைவி. அம்மா. மனைவி. மகள். மனைவி. எல்லோரும் பெண்கள். ஒரு அம்மா என்னிடம் கேட்டார், "எதுக்குத் தம்பி கேக்கீங்க, ஏதும் தப்பாயிட்டா?" என்று.

தப்பாகத்தான் ஆகிவிட்டது.

ஆகவே, இந்த மேடையில் சில உறுதிமொழிகளைத் தருகிறேன். கதீஜம்மாள் அவர்களே, நீங்கள் இதைச் சங்கத் தீர்மானமாக எழுதிக்கொள்ளுங்கள், நான் தவறினால் என்னைக் கேட்க வேண்டும். அந்தப் பதினோரு வீட்டுக்கும் ஒரு மாதத்துக்குள் நானே போவேன். சென்னைக்கு வரச் சொல்ல மாட்டேன். அவர்கள் தெருவிலேயே, அவர்கள் காட்டுகிற ஆட்களுக்கு, சொல்லிக்கொடுப்பேன். உதவி எண்ணில் இனி முதல் கேள்வி, நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்பதுதான். வீட்டில் பார்த்துக்கொள்பவருக்கு நோய் வந்தால் அதுவும் அவசர அழைப்பு. அன்றே ஆள் புறப்பட வேண்டும். அந்தப் பூட்டை, ஒரு கையால் திறக்கும்படி, அழுந்தினாலும் திறக்காதபடி, மறுபடி செய்வோம். முடியாது என்று என் ஆட்கள் சொல்வார்கள். நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். முடிகிற வரைக்கும் செய்வோம்.

கருவிக்கு டீச்சரின் பெயரை வைக்கலாம் என்று எங்கள் இயக்குநர் நேற்று போனில் சொன்னார். கோமதிநாதனிடம் கேட்டேன். வேண்டாம் என்று தலையசைத்தார். விட்டுவிட்டேன்.

புதன்கிழமையிலிருந்து கோமதிநாதன் பேசவில்லை. உங்களுக்கே தெரியும். சொந்தக்காரர்கள் வந்து அழுதபோதும் அவர் அழவில்லை. நானும் அவரும் இரண்டு நாளாகப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறோம். நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை ஷமீரா வருவார். மாற்றுவார். போவார்.

இன்று காலை இந்தத் தெருவில் ஷமீரா ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். பேட்டரி மாற்றக் கற்றுக்கொள்ள யார் யார் வருவீர்கள் என்று கேட்டுப் பெயர் எழுதி வந்தார். பத்தொன்பது பேர். தறிக்காரர்கள், இரண்டு கல்லூரி மாணவிகள், டீக்கடைக்காரர், கதீஜம்மாள். நோட்டைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். நான் பார்த்துவிட்டு, நாளை ஞாயிற்றுக்கிழமை, நான் வகுப்பு எடுக்கிறேன் என்றேன்.

அப்போதுதான் கோமதிநாதன் வாய் திறந்தார். மூன்று நாளில் முதல் பேச்சு.

"நீங்க வேண்டாம் சார். நான் எடுக்கேன். கைதான் வராது. அவ செய்ததெல்லாம் நான் பாத்துக்கிட்டுத்தான இருந்தேன். எனக்குத் தெரியும்."

நாங்கள் யாருமே அவரிடம் இதைக் கேட்டதில்லை. நான்கு வருடத்தில் ஒரு முறைகூட. அவர் எங்களுக்கு நோயாளி. ஆயிரம் தறிகளைப் பழுது பார்த்தவர் என்பதையே மறந்திருந்தோம்.

நாளைக் காலை பத்து மணி, அங்கன்வாடி மையம். கோமதிநாதன் வகுப்பு எடுக்கிறார். பெயர் கொடுக்காதவர்களும் வரலாம். பிள்ளைகளின் பாயில்தான் உட்கார வேண்டியிருக்கும். நானும் நோட்டுப் புத்தகத்தோடு வருகிறேன்.

இப்போது எல்லோரும் எழுந்து நிற்போம். டீச்சருக்காக ஒரு நிமிடம்.